டாக்டர் எழுதாததை நாம் எழுதலாமா?

(மாதம் ஒரு துறை, வாசகர் கேள்விகள். இம்முறை நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் 'கோடு', அதாவது குறியீட்டு எண், போடும் மெடிக்கல் கோடிங்கும், அதற்கு அடுத்த படியான சிடிஐ எனப்படும் மருத்துவப் பதிவுகளைச் செம்மைப்படுத்தும் வேலையும். பதில் சொல்பவர் தஞ்சாவூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பழைய பதிப்பான ஐசிடி-9 காலத்தில் சென்னைக்குக் கோடிங் வேலைக்கு வந்தார். இப்போது அமெரிக்க மருத்துவமனைகளுக்கான சிடிஐ மறுஆய்வுக் குழு ஒன்றுக்குப் பொறுப்பாளர்.)

என் மகள் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். சென்னையில் ராத்திரி வேலை. கேட்டால் 'சிடிஐ' என்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோது 'ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதுகிறாள்' என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே கோபம். அப்படி என்னதான் வேலை அது?
— ஒரு தகப்பனார், திருக்கோவிலூர்

ஐயா, மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கணக்கு எழுதுவது பில்லிங் பிரிவு. உங்கள் மகள் செய்வது அதற்கு முந்தின வேலை.

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு நடத்தும் காப்பீட்டுக்கு மெடிகேர் என்று பெயர். ஆஸ்பத்திரி எவ்வளவு செலவு காட்டியதோ ஏறக்குறைய அதைத்தான் முதலில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1983 அக்டோபரில் அதை மாற்றினார்கள். இன்ன நோய்க்காக அட்மிட் ஆனால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். இந்த நோய்த் தொகுப்புக்குப் பெயர் டிஆர்ஜி. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. தாம்சன் நர்ஸாக இருந்து மேலே வந்தவர். உங்கள் மகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள்.

நிமோனியா என்று இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவர் திடகாத்திரமானவர், மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். இன்னொருவருக்குச் சிறுநீரகம் பழுது, இதயமும் பலவீனம். இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்றால் நியாயமில்லையே? அதனால் 2007 அக்டோபரிலிருந்து பெரும்பாலான தொகுப்புகளைக் கூடவே இருக்கும் நோயின் கடுமையை வைத்துப் பிரித்தார்கள். பெரிய சிக்கல் எம்சிசி, சின்னச் சிக்கல் சிசி, இரண்டும் இல்லாதது மூன்றாவது.

இங்கேதான் உங்கள் மகள் வருகிறாள். நிலத்தில் கிணறு இருக்கும், பத்திரத்தில் இருக்காது, விற்கும்போது கிணற்றுக்கு விலை கிடைக்காது இல்லையா? அது மாதிரி நோயாளியின் உடம்பில் சிக்கல் இருக்கும், டாக்டர் வைத்தியமும் பார்த்திருப்பார், ஆனால் பதிவில் அதன் பெயரை எழுதியிருக்க மாட்டார். காகிதத்தில் அந்த நோயாளி லேசான கேஸ் ஆகிவிடுவார். பணம் குறைவதோடு போவதில்லை. அவர் இறந்துபோனால் 'லேசான நோயாளியைக் கூடக் காப்பாற்றாத ஆஸ்பத்திரி' என்று தரவரிசையிலும் அடி விழும். எதிர்ப்பக்கமும் உண்டு: எழுதியிருக்கும் நோய்க்கு உடம்பில் ஆதாரமே இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் கண்டுபிடித்து, டாக்டரிடம் முறையாகக் கேட்டுப் பதிவைச் சரியாக்குவது அவள் வேலை.

அடுத்து வருகிறவர்களிடம் 'டாக்டர் எழுதின கேஸ் ஷீட்டைப் படித்துச் சரிபார்க்கிறாள்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் அவளையே பேச விடுங்கள். நன்றாகவே பேசுவாள்.

ஐபி-டிஆர்ஜி (உள்நோயாளி) கோடராக இருக்கிறேன். ஒரு சார்ட்டில் சோடியம் 121. 3 சதவீத சலைன் ஓடியிருக்கிறது. நெஃப்ராலஜி கன்சல்ட் வந்திருக்கிறது. டாக்டர் நோட்ஸில் 'சோடியம்' என்று எழுதிக் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். ஹைப்போநட்ரீமியா (ரத்தத்தில் சோடியம் குறைவு) என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கூடத் தெரியும். நான் கோடு போட்டதை ஆடிட்டர் எரர் என்று அடித்துவிட்டார். 'ஹைப்போநட்ரீமியா என்று சேர்க்கவும்' என்று டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) எழுதினேன், அதையும் தப்பு என்கிறார்கள். இது என்ன அநியாயம்?
— சி.கு., அம்பத்தூர்

தம்பி, எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும் என்பது சரி. ஆனால் அந்தப் பையனுக்கு நோயறிதல் எழுத உரிமம் இல்லை. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆடிட்டர் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் அடித்திருக்கிறார்.

கோடிங் கைட்லைனில் மூன்றாம் பகுதியைத் திறந்து பாருங்கள். லேப் மதிப்பு வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கோடு போடக் கூடாது, அதற்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு என்று டாக்டர் சொல்ல வேண்டும். அதே பத்தியில் அடுத்த வாக்கியம்தான் நமக்குச் சோறு போடுவது: மதிப்பு மாறியிருந்து, அதற்காக டாக்டர் பரிசோதனையோ சிகிச்சையோ எழுதியிருந்தால், அதைச் சேர்க்க வேண்டுமா என்று அவரைக் கேட்பது பொருத்தமானது. உங்கள் சார்ட் அப்படியே அதற்குள் உட்காருகிறது. அம்புக்குறி நோயின் பெயர் ஆகாது.

சரி, எப்படிக் கேட்பது? 'ஹைப்போநட்ரீமியா என்று சேர்க்கவும்' என்று நீங்கள் எழுதியபோதே விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். கோர்ட்டில் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். இங்கே இரண்டு வருடம் கழித்து ஒரு ஆடிட்டர் எழுந்து நிற்பார். ஏஹிமா, ஏசிடிஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து வெளியிடும் க்வெரி நெறிமுறை இருக்கிறது, கடைசியாக 2022இல் திருத்தினார்கள். அதன்படி க்வெரியின் தலைப்பில் கூட விடை தெரியக் கூடாது. 'ஹைப்போநட்ரீமியா க்வெரி' என்று தலைப்பு வைத்துவிட்டுக் கீழே நடுநிலையாகக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

நானாக இருந்தால் தலைப்பு 'சோடியம் மதிப்பு குறித்த விளக்கம்'. கீழே இப்படி எழுதுவேன்:

'14ஆம் தேதி சோடியம் 121, 15ஆம் தேதி 126. 3 சதவீத சலைன் தரப்பட்டது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பரிசோதனை. நெஃப்ராலஜி ஆலோசனை 14ஆம் தேதி. இந்த மதிப்புகளுக்கும் சிகிச்சைக்கும் உரிய நோயறிதல் இருந்தால் தங்கள் மருத்துவ முடிவின்படி பதிவு செய்யவும்.'

அதன் கீழே தேர்வுகள்: ஹைப்போநட்ரீமியா, எஸ்ஐஏடிஎச் என்ற ஹார்மோன் கோளாறு காரணமான ஹைப்போநட்ரீமியா (சார்ட்டில் அதற்கான ஆஸ்மோலாலிட்டி ரிப்போர்ட் இருந்தால் மட்டும்), மருத்துவ முக்கியத்துவம் இல்லாத லேப் மாற்றம், வேறு (குறிப்பிடவும்), தீர்மானிக்க இயலவில்லை.

நான்கு நிஜத் தேர்வு இருந்தே ஆக வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத இரண்டு நோயைப் போட்டு நிரப்புகிறார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஆதாரம் இருக்கிற தேர்வு ஒன்றுதான் என்றால் ஒன்றே போதும், 'வேறு'வும் 'தீர்மானிக்க இயலவில்லை'யும் கூட இருக்க வேண்டும். நிரப்புவதற்காகப் போடும் நோய்ப் பெயரைத் தூக்கக்கலக்கத்தில் ஒரு டாக்டர் டிக் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அது அந்த நோயாளியின் பதிவில் ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கும்.

'ஆம்/இல்லை' வகைக் க்வெரியைப் புதிய நோய்க்குப் பயன்படுத்தக் கூடாது. அட்மிஷனின்போதே இருந்ததா, ஏற்கெனவே எழுதிய இரண்டு நோய்க்குள் காரண-விளைவு உறவு உண்டா, பேத்தாலஜி ரிப்போர்ட்டில் சொன்னதை டாக்டர் ஏற்கிறாரா, இந்த மாதிரி இடங்களுக்குத்தான் அது.

இன்னொன்று. 'இதைச் சேர்த்தால் சிசி கிடைக்கும்' என்று க்வெரியில் மட்டுமல்ல, டாக்டருக்கு அனுப்பும் சாட்டில் கூடத் தட்டிவிடாதீர்கள். பணப்பேச்சு க்வெரிக்குள் வரவே கூடாது.

ஐசியூவில் 6 வருடம் வேலை பார்த்திருக்கிறேன் மேடம். '3 மாதத்தில் நேரடியாக சிடிஐ வேலை, பிளேஸ்மென்ட் உறுதி' என்று ஒரு இன்ஸ்டிடியூட்டில் பெரிய தொகை கேட்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா?
— ஒரு சிஸ்டர், மதுரை

நகை பீரோவிலேயே இருக்கட்டும் சிஸ்டர்.

'நேரடியாக சிடிஐ' என்பது இங்கே அரிதாக நடப்பது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இந்த வேலையில் பெரும்பாலும் நர்ஸுகள்தான் இருக்கிறார்கள், அதுவும் அந்த ஊர் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் உள்ளவர்கள். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே சார்ட்டைப் பார்த்து, டாக்டரை வராந்தாவில் நிறுத்திக் கேட்பது அவர்கள் வேலை. சென்னை, கோவைக்கு வருவதில் பெரும்பகுதி டிஸ்சார்ஜுக்குப் பிறகு, பில் போவதற்கு முன் செய்யும் மறுஆய்வு. அதற்கு ஆள் எடுக்கும்போது ஐபி கோடிங் அனுபவம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சில அமெரிக்க மாநிலங்களின் மெடிகெய்டு (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு) ஒப்பந்தங்களில் நோயாளித் தகவல் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்றே நிபந்தனை உண்டு. அந்த வேலை நமக்கு வராது, எவ்வளவு படித்திருந்தாலும்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ராத்திரி 2 மணிக்கு ஆக்சிஜனை நேசல் கேனுலாவிலிருந்து ஹை ஃப்ளோவுக்கு மாற்றினார்கள் என்று ஒரு வரி இருக்கும். பி.காம் படித்துக் கோடிங் வந்த பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். உங்களுக்கு அந்த வரியைப் படித்ததும் அந்தப் படுக்கையே தெரியும். மூச்சு வாங்கியிருக்கிறார், ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) எடுத்திருப்பார்கள், எங்கே ரிசல்ட், டாக்டர் ஏன் வெறும் 'ஹைப்பாக்ஸியா' என்று எழுதினார், அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் இல்லையா என்று தேடப் போவீர்கள். இதை எந்த இன்ஸ்டிடியூட்டும் 3 மாதத்தில் கொடுக்க முடியாது.

இல்லாதது கோடிங் விதிகள். அதிலும் முதன்மை நோயறிதலைத் தேர்ந்தெடுப்பது. வார்டில் நாம் 'இப்போது எது ஆபத்து' என்று பார்ப்போம். கோடிங்கில் 'ஆராய்ந்து பார்த்த பிறகு, எதற்காக அட்மிட் ஆக நேர்ந்தது' என்று பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் ஹார்ட் அட்டாக் வந்தாலும், வந்தது இடுப்பு எலும்பு முறிவுக்கு என்றால் முறிவுதான் முதன்மை. நர்ஸுகளுக்கு இந்த மாற்றம் சிரமம். என் குழுவுக்கு வரும் நல்ல நல்ல ஐசியூ சிஸ்டர்களே முதல் சில மாதம் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

வழி இது: ஐபி கோடிங்கில் டிரெய்னியாகச் சேருங்கள். கோடர்கள் சங்கமான ஏஏபிசியின் சிஐசி அல்லது ஏஹிமாவின் சிசிஎஸ், இந்தக் கோடிங் சான்றிதழ்களில் ஏதாவது ஒன்று முடியுங்கள். பிறகு உள்ளேயே சிடிஐக்கு மாறுங்கள். சிடிஐக்கான சான்றிதழ்த் தேர்வு சிசிடிஎஸ், அதை எழுத வேண்டுமென்றால் சிடிஐ வேலையிலேயே 2 வருட அனுபவம் கேட்கிறார்கள், ஆகவே அதை ஆரம்பத்தில் விற்கிறவரிடம் ஜாக்கிரதை. ஆரம்பச் சம்பளம் இப்போது ஐசியூவில் வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். டிரெய்னிங் காலம் எத்தனை மாதம், அதில் என்ன தருவார்கள், பாண்டு உண்டா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் படிக்க: அதிகாரபூர்வக் கைட்லைன் முழுவதும் மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் இணையதளத்தில் இலவசம். எம்எஸ்-டிஆர்ஜி (மெடிகேரின் இப்போதைய டிஆர்ஜி) விளக்கக் கையேடும் இலவசம். விதிகளுக்கு விளக்கம் தரும் 'கோடிங் கிளினிக்' இதழ் மட்டும் காசு, அதைக் கம்பெனியில் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நோய் எடுங்கள். இதயச் செயலிழப்பில் ஆரம்பியுங்கள். வெறும் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதினால் சிசி கூட இல்லை. 'நாள்பட்ட சிஸ்டாலிக்' என்றால் சிசி. 'நாள்பட்டதன் மேல் திடீர் சிஸ்டாலிக்' என்றால் எம்சிசி. எக்கோ, லாசிக்ஸ் ஊசி, பிஎன்பி இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமானதுதானே. அங்கிருந்து தொடங்கினால் வேகமாகப் பிடித்துக்கொள்வீர்கள்.

பி.எஸ்.எம்.எஸ். முடித்த சித்த மருத்துவர் நான். கோடிங்கில் எங்களை இரண்டாந்தரமாகப் பார்ப்பார்களா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

கோடிங் தளத்தில் பார்க்க மாட்டார்கள். சித்தா, ஹோமியோ, பிசியோ, ஃபார்மசி என்று கலந்துதான் உட்கார்ந்திருக்கிறோம். உடற்கூறியலும் நோய்க்குறியியலும் படித்தவர்களுக்கு இங்கே நல்ல மதிப்பு. சிடிஐயில் சில கிளையண்டுகள் 'எம்பிபிஎஸ் அல்லது நர்சிங் மட்டும்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். வேலையில் சேரும்போது எந்த புராஜெக்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டினையல் அப்பீல் (காப்பீட்டுக் கம்பெனி மறுத்த பில்லுக்கு மேல்முறையீடு) டீமில் இருக்கிறேன். டாக்டர் செப்சிஸ் (தொற்றால் வரும் உயிராபத்தான நிலை) என்று எழுதுகிறார், நாங்கள் கோடு போடுகிறோம், இன்சூரன்ஸ் கம்பெனி 'இது செப்சிஸே இல்லை' என்று திருப்பி அனுப்புகிறது. டாக்டர் சொன்னதற்கு மேல் இவர்கள் யார்?
— ர.மா., கோயம்புத்தூர்

இந்தத் துறையின் நிரந்தரச் சண்டை இது.

செப்சிஸுக்கு அமெரிக்காவில் ஒரே நேரத்தில் இரண்டு அளவுகோல் நடக்கிறது. 1991இல் வகுத்த பழையதன்படி தொற்று இருந்து, அதோடு காய்ச்சல், நாடித்துடிப்பு 90க்கு மேல், மூச்சு 20க்கு மேல், வெள்ளணு 12,000க்கு மேல் அல்லது 4,000க்குக் கீழ் என்ற பட்டியலில் இரண்டு இருந்தால் செப்சிஸ். இது எஸ்ஐஆர்எஸ் (சர்ஸ்) முறை. 2016 பிப்ரவரியில் ஜாமா இதழில் வந்த செப்சிஸ்-3 அதைத் தூக்கிப் போட்டது. தொற்றுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை காட்டி, உறுப்பு பழுதாகி, உறுப்புகளின் பழுதை அளக்கும் சோஃபா மதிப்பெண் 2 கூடியிருக்க வேண்டும் என்றது.

கம்பெனிகள் புதியதைப் பிடித்துக்கொண்டன. அவர்களுக்கு லாபம் அதில்தான். ஆனால் மெடிகேர் தன் தர அளவீட்டில் 2015இலிருந்து பழைய முறையையே வைத்திருக்கிறது. பழையதை விடாததற்குக் காரணமும் உண்டு. 2012இல் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுப் பையன் நியூயார்க்கில் செப்சிஸில் இறந்துபோனான். அடுத்த வருடமே அந்த மாநிலம் எல்லா ஆஸ்பத்திரியிலும் செப்சிஸைச் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும் என்று விதி போட்டது. சீக்கிரம் பிடிக்க வலை அகலமாக இருக்க வேண்டும். உறுப்பு பழுதாகிற வரை காத்திருந்தால் பையன் போய்விடுவான். ஆக ஒரே டாக்டரை 'ஏன் சீக்கிரம் செப்சிஸ் என்று எழுதவில்லை' என்று ஒரு கை அடிக்கிறது, 'ஏன் எழுதினாய்' என்று இன்னொரு கை அடிக்கிறது.

டாக்டர் எழுதினால் கோடு போடலாம் என்று கைட்லைன் சொல்வது உண்மை. அது கோடு சரியா என்பதற்கான விதி. நோய் இருந்ததா என்ற மருத்துவச் சரிபார்ப்பு வேறு. கம்பெனி கேட்பது இரண்டாவதை. அதற்கு முதலாவதை வைத்துப் பதில் எழுதினால் தோற்பீர்கள். நான் பார்க்கும் அப்பீல் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தத் தவறோடுதான் வருகின்றன.

கடிதத்தில் உறுப்புகளைப் பேச விடுங்கள். லாக்டேட், கிரியேட்டினின், பிலிருபின், பிளேட்லெட், ரத்த அழுத்தம், சுயநினைவு, ஆக்சிஜன், இவற்றை நேரம் போட்டு எழுதுங்கள். கூடவே வழக்கமான அளவு. கிரியேட்டினின் 1.9 என்று எழுதினால் போதாது, போன மாதம் 0.9 என்பதையும் சொன்னால்தான் அடி விழும். எப்போதுமே 1.8 உள்ளவர் என்றால் அதைத் தொடாதீர்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தத்தில் எந்த அளவுகோல் என்று எழுதியிருக்கிறதா என்று உங்கள் மேலாளர் வழியாகக் கேளுங்கள். எழுதவில்லை என்றால் அதுவே ஒரு வாதம்.

எல்லா டினையலும் அநியாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 100.6 டிகிரி காய்ச்சல், நாடி 92, மாத்திரையாக ஆன்டிபயாடிக், இரண்டாம் நாள் வீடு. இதற்கு 'செப்சிஸ்' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் நான் அப்பீல் எழுத மாட்டேன். பில் போவதற்கு முன்பே டாக்டரிடம் 'இந்த நோயறிதலுக்கான மருத்துவ அடையாளங்களைத் தெளிவுபடுத்தவும்' என்று ஒரு க்வெரி போயிருக்க வேண்டிய சார்ட் அது. 'யூரோசெப்சிஸ்' என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை. அந்தச் சொல்லுக்குக் கோடே கிடையாது, கேட்டே ஆக வேண்டும்.

டீம் லீடர் ஆகி ஆறு மாதம். 'எம்சிசி கேப்சர் (எம்சிசி பதிவான கேஸ்களின் விகிதம்) ஏற வேண்டும், ஒவ்வொருவரும் இத்தனை க்வெரி அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் இன்சென்டிவ்' என்கிறார்கள். பிள்ளைகள் எண்ணிக்கைக்காகக் க்வெரி போடுகிறார்கள். டாக்டர்கள் பதிலே போடுவதில்லை. என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், பெருங்குடி

உங்கள் மேனேஜருக்கு இரண்டு கதை சொல்லுங்கள். இரண்டும் அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகமான ஓஐஜி வெளியிட்ட அறிக்கைகளில் இருப்பவை.

முதலாவது குவாஷியார்கர். பஞ்சத்தில் அடிபட்ட குழந்தைகளுக்கு வயிறு உப்பி வருமே, அந்த நோய். ஐசிடி-9 காலத்தில் அமெரிக்க முதியவர்களுக்கு அந்தக் கோடு போய்க்கொண்டிருந்தது. 25 மருத்துவமனைகளின் 2,145 பில்களை எடுத்துப் பார்த்தார்கள். 2,144 தப்பு. இன்டெக்ஸில் ஒரு வரி குழப்பமாக இருந்தது, யாரும் நோயாளியைப் பார்க்கவில்லை, வரியைப் பார்த்தார்கள். இரண்டாவது 2020இல் வந்த அறிக்கை: கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்ற எம்சிசி கோட்டைத் தவறாகப் போட்டதில் மெடிகேருக்கு 100 கோடி டாலர் அளவுக்கு அதிகமாகப் பில் போயிருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

தெரிந்தே தவறான பில் என்று ஆகிவிட்டால் 1863இல், லிங்கன் காலத்தில் ராணுவ கான்ட்ராக்டர்களுக்காகப் போட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் வரும். இன்றைக்கு அதன்படி மூன்று மடங்கு திருப்பிக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஊழியரே வழக்குப் போட்டுப் பங்கு வாங்கலாம். க்வெரி எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் என்று எழுதி வைத்திருக்கும் மெயில், எதிர்த்தரப்புக்கு முதல் ஆவணம். மேனேஜர்களுக்கு இது புரியும். நியாயம் பேசினால் கொட்டாவி விடுகிறவர்கள் கூட ரிஸ்க் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டாஷ்போர்டில் ஒரு பத்தி கூடுதலாகக் கேளுங்கள்: இந்த மாதம் எத்தனை க்வெரியால் நோயறிதல் நீக்கப்பட்டது, டிஆர்ஜி இறங்கியது? ஒன்றுகூட இல்லாத குழு பதிவைச் சரிபார்க்கவில்லை, ஏற்றுகிற வேலை மட்டும் செய்கிறது. டாக்டர் ஒத்துக்கொண்ட விகிதம் 98 சதவீதம் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அந்தக் க்வெரிகளை எடுத்துப் படியுங்கள். விடையைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் கேட்கத் தேவையே இல்லாததைக் கேட்டிருப்பார்கள்.

டாக்டர்கள் பதில் போடாததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் இன்பாஸ்கெட்டில் லேப் ரிசல்ட், மருந்துக் கோரிக்கை, நோயாளிகளின் செய்தி இவற்றோடு நம்முடையதும் கிடக்கிறது. ஒரே நோயாளிக்கு மூன்று க்வெரி தனித்தனியாகப் போனால் யார் திறப்பார்கள்? எதைக் கேட்காமல் விடலாம் என்று முடிவு செய்வதும் டீம் லீடரின் வேலை. ஏற்கெனவே ஒரு எம்சிசி உறுதியாக இருக்கிற சார்ட்டில் நோயாளியின் கடுமைக்கோ தரக் கணக்குக்கோ எதுவும் சேர்க்காத இன்னொன்றுக்காக டாக்டரைத் தொந்தரவு செய்யாதீர்கள். உங்களிடம் வாய்மொழியாகச் சொல்லும் டார்கெட்டை மட்டும் 'இன்று பேசியதன்படி' என்று ஒரு மெயிலில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுங்கள். பல டார்கெட்டுகள் அந்த மெயிலோடு காணாமல் போய்விடும்.

எச்சிசி (நோயாளியின் நோய்ச்சுமையை வைத்துக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் முறை) கோடிங்கில் இருக்கிறேன். மாடல் மாறியதில் வேலை குறைகிறது என்கிறார்கள். ஐபி பக்கம் தாவலாமா?
— வெ.க., திருச்சி

எச்சிசியின் புதிய பதிப்பான வி28 மாடல் 2024இல் மூன்றில் ஒரு பங்காக ஆரம்பித்து 2026இல் முழுதாக வந்துவிட்டது. கணக்கில் வந்துகொண்டிருந்த பல கோடுகள் உதிர்ந்துபோனது உண்மை. தாவலாம், ஆனால் ஒரு பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பக்கம் 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்று எழுதிய நோய்க்குக் கோடு போட மாட்டீர்கள். ஐபியில் டிஸ்சார்ஜின்போதும் அது 'சந்தேகம்' என்றே நின்றால் நோய் இருப்பதாகவே கோடு போடுவோம். எச்சிசி பிள்ளைகள் முதல் ஆடிட்டில் இழக்கும் மதிப்பெண் இங்கேதான். ஆதாரம் தேடி நோட்ஸைத் துருவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், சிடிஐயில் அது பெரிய பலம்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த வேலையெல்லாம் இருக்குமா அக்கா? ஐசிடி-11 வேறு வருகிறதாம். இப்போது படித்து என்ன பயன்?
— கல்லூரி மாணவர், நாமக்கல்

ஐசிடி-11ஐ நினைத்து இப்போதைக்குத் தூக்கம் கெடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது, அமெரிக்கா இன்னும் மாறவில்லை. ஐசிடி-10ஐ உலக சுகாதார சபை 1990இல் ஏற்றது, அமெரிக்க ஆஸ்பத்திரிகள் அதற்கு வந்தது 2015 அக்டோபர் 1. அவர்கள் வேகம் அவ்வளவுதான்.

ஏஐ விஷயம் அப்படி இல்லை, அது வந்துவிட்டது. எங்கள் தளத்தில் காலையில், அதாவது உங்கள் ராத்திரியில், திரையைத் திறந்தால் எந்தச் சார்ட்டை முதலில் பார்க்க வேண்டும் என்று மென்பொருளே வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. லாக்டேட் கொஞ்சம் ஏறியிருந்தால் உடனே 'செப்சிஸ் வாய்ப்பு' என்று கொடி பிடிக்கும். வலிப்பு வந்தவருக்கும் லாக்டேட் ஏறும் என்பதை நாம்தான் பார்த்து மூட வேண்டும். க்வெரியையும் அதுவே எழுதித் தருகிறது. வாக்கியம் நன்றாக இருக்கும், தேர்வுகளில் ஆதாரமில்லாதது ஒன்று நுழைந்திருக்கும்.

அந்தப் பக்கம் டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெழுதும் கருவிகள் வந்திருக்கின்றன. பதிவு குறையும் என்று எதிர்பார்த்தோம், நீண்டுகொண்டே போகிறது. முன்பு நேற்றைய நோட்ஸைக் காப்பி-பேஸ்ட் செய்வார்கள். வலது கால் எடுக்கப்பட்டவருக்கு 'இரண்டு பாதங்களிலும் நாடித்துடிப்பு நன்று' என்று நாலு நாளும் இருக்கும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கோர்ட்டுக்குப் போனால் அந்தச் சார்ட்டில் வேறு எதையும் நம்ப மாட்டார்கள். நீண்ட பதிவில் முரண்பாடு ஒளிந்துகொள்ள இடம் அதிகம். இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மென்பொருளை வைத்தே டினையல் போடுகின்றன.

என் கணிப்பைக் கேட்டால், ஒரு எக்ஸ்-ரே ரிப்போர்ட்டுக்கு ஒரு கோடு என்பது மாதிரியான எளிய அவுட்பேஷண்ட் வேலை நிறையக் குறையும். மென்பொருள் காட்டியதற்கெல்லாம் 'ஓகே' அழுத்துகிற சிடிஐ ஆட்களும் போவார்கள். 'இந்த நோயாளிக்கு இது பொருந்தாது' என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போதே ஆள் பற்றாக்குறை. கல்லூரியில் இருக்கும்போதே உடலியங்கியலை ஒழுங்காகப் படியுங்கள். கோடுகளை மனப்பாடம் செய்யாதீர்கள், அவை வருடாவருடம் அக்டோபர் 1இல் மாறும், இப்போது ஏப்ரலிலும் திருத்தம் வருகிறது. ஆங்கிலத்தில் நாலு வரி தெளிவாக எழுதப் பழகுங்கள். இந்த வேலையில் பாதி அதுதான்.

இணைத்துள்ள சார்ட்டுக்கு முதன்மை நோயறிதல் எது என்று சொல்லவும். அவசரம்.
— பெயர், ஊர் இல்லை

சொல்ல மாட்டேன். திரையைச் செல்போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மெடிக்கல் ரெக்கார்டு எண் எல்லாம் அதில் இருக்கிறது. தளத்துக்குள் போன் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. படத்தை நான் அழித்துவிட்டேன், இதழ் அலுவலகத்திலும் அழிக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் போனிலும் அழியுங்கள், பேக்கப்பிலும் சேர்த்து. அப்புறம் இன்றைக்கே உங்கள் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்.